உடையாத முத்திரையும் ஏழாவது படியும்

பழைய சிக்னல் ஜெனரேட்டர்களைத் தட்டிக்கொட்டிப் பார்க்கும் நம் சிறு கூட்டத்தில் இந்த வருஷம் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நால்வரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். எந்தக் கண்டென்சரை முதலில் மாற்ற வேண்டும்? எல்லாவற்றையும். அடுத்தது, நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டாமல் எந்தப் பழைய பெட்டியையும் கரண்டில் செருகாதீர்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக எரிந்தால் உங்களுக்கு நல்ல நேரம். தொழில்நுட்பம் இத்தோடு முடிந்தது. மீதியெல்லாம் செய்முறைக் கையேட்டில் இருக்கிறது. திருச்சியில் நான் வேலை பார்த்த பணிமனையில் அந்தக் கையேட்டை எழுதியதே நான்தான். ஆகையால் அதில் பிழை கிடையாது. எழுதிய ஆள் அதன்படி நடந்தாரா என்பது வேறு விஷயம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் கேட்டால் சொல்ல வசதியாக ஒரு விளக்கம். ரேடியோவைச் சரிபார்க்க ஒரு பொய் வானொலி நிலையம் வேண்டும். அதுதான் சிக்னல் ஜெனரேட்டர். முகப்பில் பத்து மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் உள்ளேயிருந்து பத்து வரவேண்டும். அந்தப் பத்தை நம்பி ரேடியோவின் முள்ளைப் பத்தில் நிறுத்துவோம். தராசுக்குப் படிக்கல் எப்படியோ ரேடியோவுக்கு இது அப்படி. படிக்கல் பொய் சொன்னால் தராசு எவ்வளவு யோக்கியமாக இருந்தும் பயனில்லை. எங்கள் தெருவில் இந்த விளக்கம் எடுபடவில்லை. நான் ஜெனரேட்டர் வாங்குகிறேன் என்று கேள்விப்பட்ட எதிர்வீட்டுக்காரர், "கரண்டு போனா எங்களுக்கும் ஒரு லைன் இழுத்து விட்ருங்க சார்" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னும் காத்திருக்கிறார்.

நம் தொழிலில் (மனைவிமார் பக்கத்தில் இல்லாதபோதுதான் இதைத் தொழில் என்று சொல்கிறோம்) தவறுகள் இரண்டு வகை. முதல் வகையில் புகை வரும். ஒட்டன்சத்திரத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் நம் செல்லமுத்து, ஒரு நல்ல ஜெனரேட்டரை வயர்லெஸ் செட்டோடு இணைத்துவிட்டு, ஞாபகப் பிசகாகச் செட்டின் பேசும் பொத்தானை அமுக்கினார். வெளியே போக வேண்டிய சக்தி முழுவதும் ஜெனரேட்டரின் வாய்க்குள் போனது. "ஏனுங்க சார், லேசா ஒரு வாசம் வருதுங்களே?" என்று அங்கிருந்தே எனக்கு போன் செய்தார். வாசம் வந்தது, பெட்டி போனது, தவறும் அத்தோடு தீர்ந்தது. யாருக்கும் பகை இல்லை.

இரண்டாவது வகையில் புகை வராது. அது நாற்பது வருஷம் பொறுத்திருந்து, பழைய இரும்புக் கடை வழியாக உங்கள் வீட்டுக்கு வரும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த இரும்புக் கடைக்காரர் போன் செய்தார். "சார், ஒங்க சாமான் ஒண்ணு வந்திருக்கு. ஆட்டுரல் கனம் கனக்குது. நாளைக்கி ஒடைக்கப் போறேன், வாரீகளா?"

"கை வைக்காதே, இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். சாக்கை விலக்கியதும் தெரிந்துவிட்டது. பச்சைச் சாம்பல் நிறம், இரண்டு பித்தளைக் கைப்பிடி, முகப்பில் நீள அளவுகோல். எங்கள் பணிமனையில் இருந்த வால்வு வகைப் பெட்டியேதான். அந்த வகை என்று நினைத்துத்தான் தூக்கினேன். வீட்டுக்கு வந்து துடைத்தபோது பக்கவாட்டில் ஒரு காகித ஒட்டு தெரிந்தது. "அளவு சரிபார்க்கப்பட்டது. வரம்புக்குள் உள்ளது." கீழே தேதி. அதற்கும் கீழே என் கையெழுத்து.

வெளிப்பெட்டியைக் கழற்றினேன். உள்ளே, அலையை உண்டாக்கும் பகுதியை மூடும் செம்பு மூடியின் நான்கு திருகுகளின் மேலும் சிவப்பு அரக்கு. அரக்கில் என் எண் பொறித்த முத்திரை. ஒரு கீறல் இல்லை. அந்தப் பெட்டி எத்தனை கிடங்கு, எத்தனை ஏலம் கண்டதோ. நான் மூடியதை ஒருவரும் திறக்கவில்லை.

இந்த இடத்தில் பெருமைப்படாத மனிதன் இருந்தால் அவனுக்குக் கோயில் கட்டலாம். நான் முத்திரையைப் படமெடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதியது இது: "நாற்பது ஆண்டுகள். முத்திரை உடையவில்லை. வேலை என்றால் இது." பதினொரு பேர் கைகூப்பினார்கள். செல்லமுத்து குரல்பதிவு அனுப்பினார். "சார், அதை இந்த ஞாயித்துக்கெழமை கொண்டாந்துருங்க. நம்ம எல்லாத்து ரேடியோவும் அதுல வெச்சே சரி பண்ணிக்கலாமுங்க. உங்க கையெழுத்துப் போட்ட பெட்டின்னா சும்மாவுங்களா!"

சும்மா இல்லைதான்.

மின்சாரப் பகுதி தனியாக இருந்ததால் செம்பு மூடியைத் தொடாமலே அங்கிருந்த கண்டென்சர்களை மாற்றினேன். பல்பு மங்கலாக எரிந்தது. வால்வுகள் சிவந்தன. முதல் மூன்று அலைவரிசைப் பட்டைகளையும், அலைவரிசையை எண்ணிக் காட்டும் கவுண்டரில் பார்த்தேன். கல்லில் எழுதி வைத்த மாதிரி நின்றன. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்கு, ஆனா இது என்னா செய்யும்?" என்றாள். நாற்பது வருஷமாகக் கேட்கிறாள். நான்காவது பட்டைக்குப் போனேன். எட்டிலிருந்து பதினாறு மெகாஹெர்ட்ஸ் வரை. முகப்பைப் பத்தில் வைத்தேன். கவுண்டர் பதினொன்று என்றது.

கருவிகள் சண்டை போட்டால் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும் என்பது விதி. நான் கவுண்டரை மட்டும் சந்தேகித்தேன். அது சோப்புப் பெட்டி அளவு, தபாலில் வந்தது, நேற்றுப் பிறந்தது. முகப்பைப் பன்னிரண்டில் வைத்தேன். பதின்மூன்று என்றது. பதினான்குக்குப் பதினைந்து. எங்கே வைத்தாலும் ஒரு மெகா கூட்டி, இம்மி பிசகாத மரியாதையோடு பொய் சொன்னது.

கவுண்டரை நம்ப வேண்டாம் என்று, மாலையில் ரேடியோவைப் பத்தில் வைத்தேன். அங்கே ஒரு நிலையம் இருக்கிறது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. நொடிக்கு ஒரு டிக். நேரம் சொல்லும் நிலையம். எந்தக் கிரகம் இடம் மாறினாலும் அது பத்தை விட்டு நகராது. இரண்டு அலைகள் நெருங்கினால் ரேடியோவில் விசில் கேட்கும், ஒன்றானால் அடங்கும். ஜெனரேட்டரை மெதுவாகத் திருப்பினேன். முகப்பு பத்தில் இருந்தபோது ஒன்றும் இல்லை. இறக்கிக்கொண்டே வந்தேன். ஒன்பதில் விசில் அடித்தது.

உடனே காதர் பாய் ஞாபகத்துக்கு வந்தார். ஞாபகத்துக்கு வந்தார் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். ஜெனரேட்டரை அணைத்துப் பார்த்தேன், அவர் போகவில்லை.

காதர் பாய் எங்கள் பணிமனையில் ரிசீவர் பழுது பார்க்கும் மேசையில் இருந்தவர். திண்டுக்கல்காரர். நான் அளவு சரிபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பு. ஒரு நாள் அவர் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்: இந்தப் பெட்டியின் நான்காவது பட்டை தவறு, இதை நம்பிச் சரிசெய்த ஆறு ரிசீவர்கள் திரும்பி வந்துவிட்டன. கையோடு என் அறைக்கும் வந்தார்.

"சார், டிக் டிக் ஸ்டேஷன் பத்துல இருக்கு. ஊரு ஒலகத்துக்கே தெரியும். ஒங்க பெட்டி அதை ஒம்போதுங்குது. அது பத்துன்னு சொல்றது நெசத்துல பதினொண்ணு சார்."

நான் சொன்ன பதில் எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "வானொலி நிலையம் நம் பணிமனையின் அங்கீகரிக்கப்பட்ட தரமூலம் அல்ல."

ஒரு நாட்டுக்கே நேரம் சொல்லும் நிலையத்தை நான் அங்கீகரிக்கவில்லை. முப்பத்து மூன்று வயதில் மனிதனுக்கு வரும் தைரியம் அது.

இருந்தாலும் சோதித்தேன். எதை வைத்து? பெட்டிக்குள்ளேயே அளவு பார்க்க ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. முழு மெகா ஒவ்வொன்றிலும் விசில் இறங்கி இறங்கி அடங்கிக் காட்டும். பத்தில் அடங்கியது, பதினொன்றில் அடங்கியது, பன்னிரண்டில் அடங்கியது. எல்லாம் கோட்டின் மேல். இதில்தான் நான் ஏமாந்தேன், நீங்களும் ஏமாறுவீர்கள். அந்தப் படிகம் எண் எழுதாத மைல்கல் மாதிரி. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில் எல்லாக் கல்லிலும் எண்ணை அழித்துவிட்டால், நீங்கள் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று மட்டும் தெரியும். எந்தக் கல் என்று தெரியாது. ஒரு கல் தள்ளி நின்றுகொண்டு, ஒவ்வொரு கல்லாக, வத்தலக்குண்டு வரை தப்பாகவே எண்ணிக்கொண்டு போகலாம். எல்லாம் பொருந்தும். என் பெட்டியைப் பற்றி என் பெட்டியிடமே கேட்டேன். அது என்னோடு முழுமையாக ஒத்துப்போனது.

புகார்ப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: "கருவி சரி. இயக்கியவரின் பிழை."

அந்த நான்கு சொற்களுக்காகக் காதர் பாயை ரிசீவர் மேசையிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அவர் அங்கே வாஷர்களையும் திருகுகளையும் எண்ணினார். அடுத்த வருஷமே புதுவகைப் பெட்டிகள் வந்ததால் இது கிடங்குக்குப் போய்விட்டது. மறுபடி யாரும் திறக்கவும் இல்லை, சோதிக்கவும் இல்லை.

அதாவது, உடையாத அந்த முத்திரைக்கு ஒரே அர்த்தம்தான். இடையில் எவனோ கை வைத்துக் கெடுத்தான் என்று சொல்ல வழியில்லை. அன்று பழுது பார்த்தபோது நான்காவது பட்டையின் கம்பிச்சுருளை மாற்றியவன் நான். தவறான கல்லில் நிறுத்தியவன் நான். மூடி அரக்கு வைத்தவன் நான். அதைப் படமெடுத்துப் பதினொரு பேருக்கு அனுப்பியவனும் நானே.

மறுநாள் மத்தியானம் மேசை மேல் திருப்புளி இருந்தது. அரக்குப் புட்டியும் இருந்தது; அதே சிவப்பு. முத்திரை அச்சை ஓய்வு பெறும்போது நினைவுக்காக எடுத்து வந்திருந்தேன். மூடிக்குள் திருப்ப வேண்டியது இரண்டே திருகு. அரை மணி நேர வேலை. ஞாயிற்றுக்கிழமை பெட்டி பத்தைப் பத்து என்று சொல்லும், முத்திரை பளபளக்கும், செல்லமுத்து கைதட்டுவார். யாருக்கும் தெரியப்போவதில்லை. செய்முறைகள் எல்லாம் தெரிந்தவனுக்கு உள்ள வசதி இது: தடயத்தை அழிக்கும் செய்முறையும் தெரிந்திருக்கும்.

என் மனைவி காபியோடு வந்தவள், பக்கவாட்டு ஒட்டைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இந்தத் தேதி... நீங்க என்னியப் பொண்ணு பாக்க வந்ததுக்கு மொத நாளு."

அவளுக்குத் தேதிகள் மறக்காது. எனக்கு அதுவரை மறந்திருந்தது. கொடைரோட்டில் அவள் அப்பா ரயில்வேயில் இருந்தார். மறுநாள் காலை பெண் பார்க்க. மத்தியான வண்டியை விட்டால் போய்ச் சேர முடியாது. கையேட்டில் ஏழாவது படி பாக்கி இருந்தது: "மூடி முத்திரையிடும் முன், வெளியே உள்ள, அலைவரிசை தெரிந்த ஒரு மூலத்தோடு ஒப்பிடுக." நானே எழுதிய படி. அதற்குத் தரமூல அறையைத் திறக்க வேண்டும். சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அரக்கை வைத்தேன், ரயிலைப் பிடித்தேன்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். காபியை மேசையில் வைத்தாள்.

"ஆக, நீங்க எங்க வீட்ல வந்து கேசரி தின்னதுக்கு, அந்த மனுசன் ஸ்டோருக்குப் போயிருக்காரு."

"கேசரிக்காக என்று சொல்ல முடியாது..."

"ரெண்டு தட்டு தின்னீக." திருப்புளியைப் பார்த்தாள். "இது எதுக்கு?"

"சரி பண்ணிடலாம்னு."

"எதை?"

நாற்பது வருஷத்தில் அவள் கேட்ட கேள்விகளிலேயே சிறியது அது. நான் திருப்புளியை எடுத்து டப்பாவில் போட்டேன். அந்த அரக்கை நான் என் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காதர் பாய் சொன்னது உண்மை என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அது.

சனிக்கிழமை காலை பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பேகம்பூருக்குப் போனேன். காதர் பாயின் மகன் பஷீர் அங்கே தோல் பெல்ட், பை செய்து விற்கிறார். காதர் பாய் பகலில் கடையில் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். சந்தையில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். நான் போனபோது பஷீர் ஒரு பெல்ட்டை வெட்டி மேசையில் போட்டிருந்தார். காதர் பாய் நாற்காலியில் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பஷீரு, அது முப்பத்தாறு இல்லப்பா. முப்பத்தஞ்சுதான் இருக்கும்."

"அத்தா, ஒங்க அளவு எங்களுக்குத் தெரியாதாக்கும்? பத்தப் பதினொண்ணுன்னு சொல்லி ஸ்டோருக்குப் போன ஆளுதானே நீங்க!"

கடையில் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். புதுச் சிரிப்பு இல்லை. தினமும் சிரிக்கிற சிரிப்பு.

காதர் பாயும் சிரித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "வாங்க சார், வாங்க. அடடே, யாரு பெட்டி இது?"

பார்த்ததும் தெரிந்துகொண்டார். எழுந்து வந்து முகப்பைத் தடவினார். நான் ரயிலில் ஆரம்பித்து ஒன்பதில் அடித்த விசில் வரை எதையும் விடாமல் சொன்னேன். இதற்காக வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன், பயன்படவில்லை. நடுவில் ஆட்டோக்காரர் வந்து "சார், நிக்கவா போகவா?" என்று கேட்டார்.

காதர் பாய் மூடியின் மேல் குனிந்து அரக்கைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

"விடுங்க சார். ஸ்டோர்ல பேன் இருந்துச்சு. மேசைல அதுகூடக் கெடையாது. நாலு மணிக்கு டீ வரும். நல்லாத்தான் இருந்தேன்."

எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அவர் திரும்பினார்.

"பஷீரு, இங்க வா. சார், இப்ப எங்கிட்டச் சொன்னத அவங்கிட்டச் சொல்லுங்க. மொதல்லருந்து."

சொன்னேன். பஷீர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அப்ப அத்தா சொன்னது நெசமா?"

"நாப்பது வருசமாச் சொல்றேன்ல! நீ நம்பல. ஒங்கம்மா நம்பல. ஒங்கம்மா வளத்த ஆடுகூட என்னியப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிரும்." போனை எடுத்து வீட்டுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். "சொல்லுங்க சார். மறுபடியும்."

மூன்றாவது முறை சொன்னேன். அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம். அது அடங்கியது.

"இப்ப வந்து சொல்றீகளே சார்," என்றது அந்தம்மாவின் குரல். சத்தம் போடவில்லை. "ஸ்டோருக்குப் போனதப் பத்தி அவுக யாரையும் ஒரு வார்த்த கொற சொல்லல. ஆனா ரெண்டு வருசம் ரேடியோப் பக்கமே போகல. தங்காதுதான் கெட்டுப்போச்சோன்னு டாக்டரு கிட்டக் காட்டுனாக. அது தெரியுமா ஒங்களுக்கு?"

காதர் பாய் அவசரமாகப் போனை வாங்கி, "சரி சரி, கொழம்பப் பாரு" என்று அணைத்தார். அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அறிக்கைகள் எழுதியே வாழ்ந்தவன். புகை வராத தவறு எங்கே போய் எரிகிறது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒரு பெட்டி ஒரு மெகா தள்ளி நின்றதால், ஒரு மனிதர் தன் காதையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். புதியவர்களுக்கு இதை மட்டும் சொல்கிறேன். உங்கள் மேசைக்கு வந்து ஒருவர் "இது தப்பு" என்று சொன்னால், உங்கள் கருவியை அந்தக் கருவியிடமே விசாரிக்காதீர்கள். எழுந்து அவருடைய மேசைக்குப் போய், அவர் கேட்டதை நீங்களும் ஒருமுறை கேளுங்கள். நூறு அடி நடந்திருந்தால் போதும். நான் நடக்கவில்லை.

பஷீர் எங்களைப் பார்க்காமல், மேசையிலிருந்த பெல்ட்டை எடுத்து டேப் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு அதை யாருக்கும் தெரியாமல் கழிவுக் கூடையில் போட்டார். எனக்குத் தெரிந்தது. காதர் பாய்க்கும் தெரிந்தது. அவர் முகம் இருந்த இருப்பை என்னால் எழுத முடியாது; ஆறு ரிசீவரும் ஒரே நேரத்தில் பேசின மாதிரி இருந்தது.

"ஒண்ணு மட்டும் செய்ங்க சார்," என்றார். "நான் ஒரு புகார் எழுதிக் குடுத்தேன். தப்பான பதிலு வந்துச்சு. சரியான பதிலு இன்னும் வரல. மொறப்படி எழுத்துல வேணும்."

"நாளை ரெட்டியார்சத்திரத்தில் எல்லோருக்கும் முன்னால் தருகிறேன். நீங்கள் வர வேண்டும்."

"நான் இல்லாம அதைத் தொறந்துராதீங்க."

ரெட்டியார்சத்திரத்தில் விதைக் கடை மாடியில்தான் நாம் கூடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் இன்னும் சேரவில்லை. பதினொரு பேரும் ரேடியோவும் கையுமாக வந்திருந்தார்கள். செல்லமுத்து மூன்று ரேடியோ கொண்டுவந்திருந்தார். என் மனைவி எந்தக் கூட்டத்துக்கும் வராதவள், அன்று ஒரு தூக்குச்சட்டியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். தூக்கில் கேசரி. "கேஸுக்குச் சம்பந்தப்பட்ட பொருள்" என்றாள்.

எழுந்து நின்று சொன்னேன். நான்காவது முறை, கொஞ்சம் பழகியிருந்தது. செல்லமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப வாட்ஸ்அப்புல கும்புடு போட்டதை நாங்க வாபஸ் வாங்கிக்கலாமுங்களா சார்?"

வாங்கிக்கொண்டார்கள். அங்கேயே, ஒவ்வொருவராக, போனை எடுத்து.

மாலை ஐந்தரைக்கு டிக் டிக் நிலையம் தெளிவாக விழுந்தது. ஒவ்வொருவரும் ஹெட்போனை மாட்டிக் கேட்டார்கள். முகப்பு பத்தில் நின்றால் வெறும் டிக். ஒன்பதில் விசில். பதினொரு பேரும் கேட்டுத் தலையாட்டும்வரை காதர் பாய் கை கட்டிக்கொண்டு நின்றார். அதன் பிறகு பழைய படிவத்தைப் போலவே நான் கையால் கோடு போட்டு எழுதி வந்த பதிலை நீட்டினேன். "புகார்: கருவி தவறு. ஆய்வு: புகார் சரி. காரணம்: சான்றளித்தவரின் பிழை." கீழே கையெழுத்து.

நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "ஸ்டோருக்கு ஒரு நகல்னு போடுங்க சார். அங்க இருந்தவங்களும் என்னிய நம்பல."

போட்டேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திருப்புளியை எடுத்தார். அரக்கு நான்கு இடத்திலும் பொடியாக உதிர்ந்தது. என் நாற்பது வருஷம் ஒரு சின்னக் காகிதத்தில் கூட்டி அள்ளும் அளவுக்குத்தான் இருந்தது. மூடியைத் திறந்து, இரண்டு திருகையும் மாற்றி மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். கவுண்டரைப் பார்க்கவே இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, படிகத்தின் விசில் இறங்குவதை மட்டும் கேட்டார். மூடியைப் பொருத்தித் திருகினார்.

கேசரி ஒரு சுற்று வந்தது. நான் பழக்கதோஷத்தில் அரக்குப் புட்டியைத் திறந்து, குச்சியைத் தோய்த்து, முதல் திருகின் மேல் கொண்டுபோனேன்.

காதர் பாய் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"செத்த இருங்க சார். ஏழாவது பாக்கி இருக்கு. இன்னைக்கி கொடைரோட்டு வண்டி எதுவும் புடிக்க வேண்டியதில்லையே?"

மாடி அதிரச் சிரித்தார்கள். என் மனைவி தூக்குச்சட்டியை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். குச்சியிலிருந்து அரக்கு சொட்டி என் வேட்டியில் விழுந்தது. நான் அசையவில்லை. செல்லமுத்து ரேடியோவைக் கூட்டி வைத்தார். டிக், டிக், டிக். நான் முகப்பைப் பதினொன்றிலிருந்து மெதுவாக இறக்கினேன். விசில் உச்சியில் கேட்டது, இறங்கியது, இறங்கிக்கொண்டே வந்தது, பத்து என்ற கோட்டின் மேல் வந்ததும் அடங்கியது. டிக் மட்டும் மிச்சம்.

காதர் பாய் இன்னும் பத்து டிக் கேட்டார். பிறகு கையை எடுத்தார்.